ஏழாம் திருவிழாவும் சென்ரர் போவேட்டும்

ஐம்பதைக் கடந்த, சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிற, மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று சுவரைப் பார்க்கிற ஒருவன், ஊர்த் திருவிழாவுக்குப் போன இடத்தில் ‘பழைய வீரர்கள்’ கால்பந்தாட்டத்தில் தன்னையும் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தால் அவனை என்ன சொல்வது? வேறு யாரையோ அல்ல, என்னைத்தான் சொல்கிறேன். ஆட்டத்தை ஒழுங்கு செய்த இளைஞன் மரியாதையாகத்தான் கேட்டான்.

“அங்கிள், நீங்கள் எந்த இடத்தில விளையாடுவீங்கள்?”

“சென்ரர் போவேட்” என்றேன், முன்வரிசையின் நட்டநடுவான அந்த இடத்தைத் தவிர மைதானத்தில் வேறு இடங்களும் உண்டு என்பதையே கேள்விப்படாதவன்போல.

அவன் தலையைச் சொறிந்தான். “இப்ப அப்பிடி ஒராளை நிப்பாட்டுறேல்லை அங்கிள். முன்னுக்கு நிக்கிற மூண்டு பேரும் இடம் மாறி மாறி ஓடுவம். நடுவில ஆள் இராது.”

நடுவில் ஆள் இராதாம்! நாற்பது வருடத்துக்கு மேலாக மனத்தளவில் நான் குடியிருந்த வீட்டை, ‘அதை இடிச்சுப் போட்டம்’ என்று போகிற போக்கில் சொன்னதுபோல இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. நரைத்த தலையைக் காட்டி, வயதுக்கு மரியாதை கேட்டு, அந்த இடத்தை வாங்கிக்கொண்டேன். விசில் ஊதியது. ஓடினேன். பந்து காலில் படுவதற்கு முன்பே தொடைத் தசை ஈரத்துணியைப் பிழிந்ததுபோல முறுகிக்கொண்டது. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து என்னை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இறக்கினார்கள். நான் இல்லாததால் எந்தக் குறையும் இன்றி ஆட்டம் தொடர்ந்தது.

இந்தச் சென்ரர் போவேட் பைத்தியம் எனக்குப் பதினொரு வயதில் பிடித்தது. பிடித்தது என்பதைவிடச் சீதனமாக வந்தது என்பதே பொருத்தம்.

அப்போது புங்குடுதீவில் எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் தெற்கே இருந்தார்கள். சிங்களப் பட்டினங்களில் பலசரக்குக் கடை, சுருட்டுக் கடை, சாப்பாட்டுக் கடை என்று நடத்திக்கொண்டு, கோயிலில் கொடியேறும் காலத்தில் மட்டும் ஊரில் வந்து இறங்குவார்கள். ஒவ்வொரு திருவிழாவும் ஒரு குடும்பத்தின் உபயம். ஏழாம் திருவிழா மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் அண்ணர். ஏழாம் திருவிழாவை இன்னொருவர் செய்யலாமே என்று ஊரில் ஒருவருக்கும் கனவிலும் தோன்றியதில்லை.

இதே ஒழுங்கைத் தூக்கிக் கால்பந்துக்கும் வைத்துவிட்டார்கள் என்பதுதான் எங்கள் ஊரின் விசேஷம். ஊர்ப் பெடியன்களுக்கு வருடாவருடம் பந்து வாங்கிவருபவர் மாமா. ஆகவே மாமாவின் மருமகனாகிய நான் சென்ரர் போவேட். பனியன் கொடுத்த வீட்டுப் பிள்ளை வலது ஓரத்தில் றைற் அவுட், காற்சட்டை கொடுத்த வீட்டுப் பிள்ளை இடது ஓரத்தில் லெப்ற் அவுட். வெளியூர் ஆட்டங்களுக்கு லொறி விட்டவரின் மக்கள் இருவரும் எனக்கு இரு பக்கமும் போவேட்டுகள். கோல் கம்பத்துக்குப் பனை தறித்துக் கொடுத்தவரின் பேரன், அந்தக் கம்பங்களுக்கு நடுவே கோலியாக நிற்கும் உரிமையைப் பெற்றிருந்தான். தூரத்தில் வருவது பந்தா கொக்கா என்பது அவனுக்குச் சரியாகத் தெரியாது என்பது வேறு கதை. ஒன்றும் கொடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் தடுப்புக்கு நிற்கும் புல் பேக். ஆக, உபயகாரர் ஐந்து பேர் முன்னால் வரிசையாக நிற்போம். எதிரிகள் வந்தால் பின்னால் நிற்கிற ஏழைகள் பார்த்துக்கொள்ளவேண்டியது.

என் ஆட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் பந்தைத் துரத்தியதில்லை. பந்துதான் சிலவேளை என்னைத் துரத்தியது. ஆனால் வாய் ஓயாது. “இஞ்சால விடு”, “அவனைப் பிடி”, “இடப்பக்கம் வெறுமையாக் கிடக்கு” என்று நடுவில் நின்று கத்திக்கொண்டே இருப்பேன். அது தலைமைத்துவம் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் எங்களைப் பழக்க வந்தவர் சின்னையா, அப்பாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்தவர். படித்ததைவிட விளையாடியது கூட என்று அப்பா சொல்வார். பரீட்சை இரண்டு தரமும் பிழைத்துவிட, ஊரில் சைக்கிளில் திரிந்துகொண்டிருந்தார். கடைக்கு நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும், தம்பியை அனுப்பிவையுங்கள் என்று மாமா சொல்லியனுப்பியிருந்தார். சின்னையாவுக்கோ கடை என்ற சொல்லே ஆகாது. “மல்லி மிளகாய்ச் சாக்குகளுக்கு நடுவில என்னை வைச்சுக் கற்பனை பண்ணிப் பாருங்கோ அண்ணி” என்று குசினி வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கற்பனை பண்ணிப் பார்த்துவிட்டு, “ஏன், நிழலிலதானே இருப்பீர்” என்றார்.

அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்க ஒரு தொண்டர் ஆசிரியரைப் போடுவது பற்றிப் பேச்சு அடிபட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு சொன்னார்கள். ஏழாம் திருவிழாவுக்கு முதல் நாள் பின்னேரம் அயலூரான வேலணைச் சிறுவர்களுக்கும் எங்களுக்கும் ஆட்டம் நடக்கும். அதில் நாங்கள் வென்றால் அந்த இடம் சின்னையாவுக்கு. வேலணை எங்களை வருடம் தவறாமல் அடித்துக்கொண்டிருந்ததால், வாக்குக் கொடுத்தவர்களுக்குப் பெரிய கவலை ஒன்றும் இருக்கவில்லை. அப்பாவும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

“சரி. வெண்டால் நில். தோத்தால் மச்சானோட கோச்சி ஏறிக் கடைக்குப் போ.” ரயிலைத்தான் கோச்சி என்போம்.

சின்னையா அன்று மாலையே எங்களைக் கூப்பிட்டார். சீமெந்து நிலத்தில் புளியங்கொட்டைகளைப் பரப்பி, ஒவ்வொன்றாக நகர்த்தினார். நாலு பேர் பின்னுக்கு, மூன்று பேர் நடுவில், மூன்று பேர் முன்னுக்கு.

“அஞ்சு பேர் முன்னுக்கு நிண்டு, பந்து வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறதுக்குப் பேர் விளையாட்டில்லை. அது பஸ்சுக்கு நிக்கிற வேலை” என்றார். “உலகத்தில எல்லாரும் மாத்திப்போட்டாங்கள். நாங்கள் மட்டும் வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன மாதிரியே நிக்கிறம்.”

பிறகு ஒவ்வொருவரையும் ஓடவிட்டுப் பார்த்தார். ஊரில் யாரும் அதுவரை செய்யாத காரியம் அது. இவன் யாருடைய பிள்ளை என்று பாராமல், இவன் காலால் என்ன செய்கிறான் என்று பார்த்தார். கண் தெரியாத கோலியை றைற் அவுட்டாக்கினார்; கிட்டத்தில் வரும் பந்து அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. புல் பேக்காக நின்ற தபாற்காரரின் மகனை என் இடத்தில் வைத்தார். அந்தப் பெடியன் தகப்பனின் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓடி ஓடியே வளர்ந்தவன். நிற்கச் சொன்னாலும் ஓடுவான்.

“நீ கடைசியில” என்றார் என்னைப் பார்த்து. “மூண்டு பேக்குக்கும் பின்னால, கோலிக்கு முன்னால.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏன்ரா அழுகிறாய்? உனக்குக் கால் இல்லை, வாய் இருக்கு. உன்ர வாய் சொல்லுறதெல்லாம் சரியடா, நான் ஒரு கிழமையாக் கேட்டுக்கொண்டு நிக்கிறன். ஆர் எங்க ஓடுறான், எந்தப் பக்கம் வெறுமை எண்டு உனக்குத்தான் முதல் தெரியுது. அப்பிடிப்பட்டவன் பின்னுக்கு நிக்கவேணும். அங்க நிண்டு கத்து.”

அது ஒரு பாராட்டு என்பது எனக்கு விளங்கவில்லை. கோயிலில் சாமி தூக்குகிறவனைச் செருப்புக் காக்க விட்டதுபோல இருந்தது. நேரே அம்மாவிடம் போய் முறையிட்டேன். அம்மா அப்பாவிடம் போனார்.

“மூண்டாந் திருவிழாக்காரனிட்டைப் போய், நீ ஆறாந் திருவிழா செய் எண்டு சொல்லுவியோ?” என்று அப்பா சின்னையாவைக் கேட்டார்.

“சாமிக்கு எல்லா நாளும் ஒண்டு அண்ணை. பந்துக்கு அப்பிடி இல்லை.”

“பந்து ஆருடைய பந்து?”

அம்மாதான் குறுக்கே வந்து, மாமா வரும்போது மட்டுமாவது பிள்ளையை முன்னுக்கு விடும்படி கேட்டார். “அவர் ஏழாம் திருவிழா விடியத்தானே வந்திறங்குவார் அண்ணி. மச் அதுக்கு முதல் நாளே முடிஞ்சிடும்” என்றார் சின்னையா. ஆக, எல்லாம் முதல் நாளே முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் எங்கள் ஊரில் ஒரு புரட்சி அனுமதிக்கப்பட்டது.

ஆட்டத்தன்று சோளகக் காற்று வாரி அடித்தது. மைதானத்தின் ஒரு பக்கம் கடல். கண்ணில் உப்பும் மணலும். மச்சுக்கு றெபறி, அதாவது நடுவர், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், ஊரில் விசில் வைத்திருந்த ஒரே ஆள். பந்து போன வருடத்துப் பந்து. உள்ளே பிளாடரில் ஒட்டுக்குமேல் ஒட்டு; சைக்கிள் பம்பால் காற்றடித்துக்கொண்டே இருக்கவேண்டும். முதற்பாதியில் காற்று எங்கள் பக்கம். அதற்குள் ஒரு கோல் போட்டுவிட்டு, இரண்டாம் பாதியில் காற்று முகத்தில் அடிக்கும்போது பின்னுக்கு இறுக்கிப் பிடிப்பதுதான் சின்னையாவின் திட்டம்.

அவர் சொன்னபடியே நடந்தது. நான் வாயைத் திறந்தேன். “இடப்பக்கம் வாறான்! நீ விட்டிட்டு மற்றவனைப் பிடி! கோலி, வெளியால வா!” மூன்று பேக்குகளும் என் குரலுக்கு ஆடும் பொம்மைகள்போல நகர்ந்தார்கள். வேலணைப் பெடியன்கள் வந்த வழியெல்லாம் ஆள் நின்றது. இன்றைக்கும் எனக்கு அது அதிசயம்தான்: நான் சொல்வதை மற்றவர்கள் கேட்டு, அதனால் நன்மையும் விளைந்தது. அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும், எந்த வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. முதற்பாதி முடியக் கொஞ்சம் இருக்கையில் தபாற்காரரின் மகன் இரண்டு பேரை ஓடிக் கடந்து கோல் போட்டான். ஊர் ஒரு கணம் திகைத்து நின்றது. புல் பேக் வீட்டுப் பிள்ளை கோல் போட்டால் யாருடைய பெயரைச் சொல்லிக் கத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

முதற்பாதியின் கடைசி நிமிடத்தில் ஒரு கார் வந்து நின்றது. மாமா.

ஒருநாள் முந்தி வந்துவிட்டார். வேட்டி மடிப்புக் கலையாமல் இறங்கினார். எங்கிருந்தோ ஒரு கதிரை வந்தது. உடைத்த சோடாவும் வந்தது. மடியில் கடதாசியில் சுற்றிய உருண்டையாக ஒன்று. அது புதுப் பந்து என்று எல்லாப் பெடியன்களுக்கும் தெரிந்துவிட்டது. மாமா மைதானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடைவேளை விசில் ஊதியதும் கேட்டார்.

“மருமோன் என்ன கோலிக்குப் பக்கத்தில நிண்டவன்? காலில ஏதும் வருத்தமோ?”

அம்மா முந்தானையைச் சரிசெய்தார். “இல்லை அண்ணை. தம்பி என்னவோ புது மாதிரி…”

“ஓ” என்றார் மாமா. கோபமே இல்லை. “தம்பி, நீர் படிச்ச பிள்ளை. உமக்குத் தெரியும்” என்று சின்னையாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சோடாவைக் குடித்தார். அதைவிட வேறொன்றும் அவர் சொல்லவில்லை. எங்கள் பெரியவர்கள் ஒருபோதும் கட்டளையிடமாட்டார்கள். ‘உமக்குத் தெரியும்’ என்பார்கள், உமக்கும் தெரிந்துவிடும்.

அப்பா சின்னையாவின் அருகில் போய் நின்றார். “மச்சான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்” என்றார், குரலைத் தாழ்த்தி.

சின்னையா நிலத்தைப் பார்த்தார். அங்கே தபாற்காரரின் மகன் குந்தியிருந்து பழைய பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அடிக்க அடிக்க அது சீறிக்கொண்டு சூம்பியது. சின்னையா அதையே பார்த்தார். பிறகு மாமாவின் மடியைப் பார்த்தார். பிறகு எங்களை எல்லாம் ஒருதரம் பார்த்தார்.

“நீ முன்னுக்குப் போ” என்றார் என்னிடம். “எல்லாரும் பழைய இடத்துக்குப் போங்கோ.”

என் திறமையை அவர் கடைசியில் கண்டுகொண்டார் என்று நினைத்தேன். துள்ளிக்கொண்டு ஓடினேன்.

இரண்டாம் பாதியில் காற்று முகத்தில் அடித்தது. உபயகாரர் ஐவரும் முன்னால் வரிசையாக நின்றோம். பின்னால் இரண்டு பேர். கொக்கையும் பந்தையும் பிரித்தறியாத கோலி. வேலணை ஒன்று போட்டது, இரண்டு போட்டது, மூன்றும் போட்டது. நான் பின்னால் நடப்பதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஏன் பார்க்கவேண்டும்? நான் சென்ரர் போவேட். அவர்களுடைய கோலுக்குக் கிட்ட, மாமா இருந்த பக்கமாக, இடுப்பில் கைவைத்து நின்றேன். கடைசி நேரத்தில் தபாற்காரரின் மகன் பின்னாலிருந்து ஓங்கி அடித்த பந்து காற்றில் ஏறி, தடுமாறி, நேரே என் முழங்காலில் விழுந்து உள்ளே உருண்டது.

கோல்!

அந்தக் கோலோடு ஆட்டம் முடிந்தது. மாமா கதிரையை விட்டு எழும்பி வந்து என்னைத் தூக்கினார். புதுப் பந்தை என் கையில் தந்தார். தோற்ற ஊர் வென்ற ஊர்போலக் கத்தியது, இந்த முறை யாருடைய பெயரைச் சொல்வது என்பதில் குழப்பம் இருக்கவில்லை. மூன்றுக்கு இரண்டு. ஒரே ஒரு கோல் வித்தியாசம். வேலணைக்கு எதிராக அவ்வளவு கிட்டப் போனதே ஒரு சாதனைதான்.

நான் பந்தோடு சின்னையாவிடம் ஓடினேன். அவர் பயிற்சிக்காக எல்லையில் நட்டிருந்த தடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“பாத்தியளோ சின்னையா, நான் முன்னுக்கு விளையாடவேண்டிய ஆள்!”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஓம் ராசா” என்றார். “நல்ல கோல்.”

திருவிழா முடிந்து மூன்றாம் நாள் மாமாவோடு சின்னையாவும் புறப்பட்டார். ஒரு தகரப் பெட்டி. நன்றாக எண்ணெய் வைத்து வாரிய தலை. பஸ் வரை போய்க் கையசைத்தேன். புது ஊர் பார்க்கப் போகிறாரே என்று பொறாமையாகக்கூட இருந்தது. பெட்டிக்குள் இடமில்லை என்று தன் விளையாட்டுச் சப்பாத்தைத் தபாற்காரரின் மகனுக்குக் கொடுத்துவிட்டார். அது அவனுக்குப் பெரிது. கடதாசி அடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த கிழமையிலிருந்து அவன் மறுபடியும் புல் பேக்காக நின்றான். எங்களிடம் நல்ல பந்து இருந்தது. யார் எங்கே நிற்பது என்று சொல்லத்தான் ஆளில்லை.

அடுத்த வருடம் ஆடிக் கலவரத்தில் தெற்கில் தமிழர் கடைகள் எரிந்தன. மாமாவின் கடையும் எரிந்தது. சின்னையா ஒரு சிங்கள வீட்டின் விறகுக் கொட்டிலுக்குள் ஒளித்திருந்து, அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். ஊரில் கொஞ்ச நாள்தான் நின்றார். மைதானப் பக்கம் போகவில்லை. பிறகு ஜெர்மனிக்குப் போய், ஒரு உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கி, அங்கேயே வேலை செய்து இளைப்பாறினார். கால்பந்துக்கென்றே பிறந்த நாட்டில் நாற்பது வருடம் ஒரு கதவுக்குப் பின்னால் நின்றார் என்று நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

அந்த இடைவேளை எனக்கு விளங்க இருபது வருடமாவது எடுத்திருக்கும். சின்னையா பயந்து மாற்றவில்லை. மாமாவுக்கு மனம் நொந்தால் அடுத்த வருடம் பந்து வராது; ஊர்ப் பெடியன்களுக்கு இருந்தது அந்த ஒரு பந்துதான். தன்னுடைய இடமா, எங்களுடைய பந்தா என்று அவர் அந்தக் கொஞ்ச நேரத்தில் நிறுத்துப் பார்த்திருக்கவேண்டும். நான் முழங்காலில் பட்ட கோலோடு துள்ளிக்கொண்டிருந்தபோது, எனக்கு எதிரில் நின்று தடி பிடுங்கியவர் அப்போதுதான் தன் ஊரைத் தோற்றிருந்தார். ‘நல்ல கோல்’ என்று அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதை நான் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

போன ஆவணியில் சின்னையா வந்திருந்தார். எழுபதை அண்டிய மனிதர். இரண்டு முழங்காலும் மாற்றியவை. நயினாதீவுக்குப் போகவேண்டும் என்றார். குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நின்றோம். துறையில் சனம்; காற்று. இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டேன். வசனத்தைக்கூட முதல்நாளே தயார்பண்ணியிருந்தேன்.

“சின்னையா, அண்டைக்கு நீங்கள் எனக்குத் தந்த இடம்தான் சரியான இடம். எனக்கு விளங்கேல்லை. அதில நிண்டிருந்தால் வெண்டிருப்பம். நீங்கள் கடைக்குப் போயிருக்கத் தேவையில்லை. ஒரு கோலாலதானே தோத்தது. மூண்டுக்கு ரண்டு…” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நான் திட்டமிட்ட இடத்தில்தான் துடைத்தேன்.

சின்னையா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். படகு அணைந்து, கயிறு எறிந்து, சனம் இடித்துக்கொண்டு ஏறத் தொடங்கியது. அவர் என் தோளைப் பிடித்து, மெல்லக் காலைத் தூக்கிப் படகில் வைத்தார். இருக்கை பார்த்து இருந்து, மூச்சு ஆறிய பிறகு சொன்னார்:

“மூண்டுக்கு ஒண்டடா. உன்ர கோல் ஓப்சைட், செல்லாது. அவங்கட கோலிக்குப் பக்கத்தில குடியிருந்தனி. மனேச்சர் விசிலை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர், உங்கட மாமாவைப் பாத்திட்டு, திருப்பிச் சட்டைப் பையுக்குள்ள வைச்சிட்டார்.”